விடுபட்ட சேவைக் காலம்: சுயவிபரக் கோவையைத் திருத்துதல்

ஓர் அரசாங்க உத்தியோகத்தர் முதல் நியமனம் பெற்ற நாளிலிருந்து ஓய்வுபெறும் நாள்வரை அவரைப் பற்றி எழுதப்படும் தாள்கள் யாவும் சேர்த்துவைக்கப்படும் கோவை சுயவிபரக் கோவை எனப்படும். பாடசாலை ஆசிரியர்களின் பேச்சில் அது வெறுமனே 'பைல்'. நியமனக் கடிதம், கடமையேற்புக் கடிதம், நியமனத்தை உறுதிப்படுத்திய கடிதம், வருடாந்த சம்பள ஏற்றப் படிவங்கள், இடமாற்றக் கடிதங்கள், லீவு விபரம் ஆகியன அதில் கோக்கப்பட்டிருக்கும். இவற்றின் சாரத்தை நாள்வாரியாகத் தொகுத்துக் காட்டும் தாளுக்கு வரலாற்றுத் தாள் என்று பெயர். ஓய்வூதியத்தைக் கணிக்கும் உத்தியோகத்தர் அந்த மனிதரைப் பார்ப்பதில்லை, அவர் கற்பித்த பிள்ளைகளையும் பார்ப்பதில்லை; வரலாற்றுத் தாளில் ஒரு திகதிக்கும் அடுத்த திகதிக்கும் இடையே வெற்றிடம் இருந்தால் அந்த வெற்றிடத்தையே பார்க்கிறார். இலங்கையின் வன்னிப் பெருநிலப்பரப்பில், குறிப்பாகப் பூநகரிப் பிரதேச செயலாளர் பிரிவிலுள்ள ஜெயபுரம் போன்ற கிராமங்களின் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் பணியாற்றியவர்களின் கோவைகளில் இத்தகைய வெற்றிடம் அபூர்வமன்று. அதை நிரப்பும் முறையை இவ்வத்தியாயம் விளக்குகிறது.

வெற்றிடம் எவ்வாறு உண்டாகிறது என்பதை முதலில் அறிந்துகொள்வது அவசியம். எங்கே தொலைந்தது என்று தெரியாமல் எங்கே தேடுவது என்று முடிவுசெய்ய இயலாது. உத்தியோகத்தர் இடமாற்றம் பெறும்போது அவருடைய கோவையும் பழைய அலுவலகத்திலிருந்து புதிய அலுவலகத்துக்கு அனுப்பப்படும். அமைதியான காலத்தில் இது நல்ல ஏற்பாடு. அலுவலகமே இடம்பெயரும் காலத்திலோ, ஒருவருடைய முழுச் சேவையும் ஒரே கட்டில் கட்டப்பட்டு ஒரே உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றப்படுகிறது என்பதே இதன் பொருள். உள்நாட்டு யுத்தத்தின்போது, 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்தின் வசமானபோது நகரத்து அலுவலகங்கள் உட்பகுதிகளுக்குப் பெயர்ந்தன. 1998 செப்டெம்பருக்குப் பின்னரே அந்நகருக்குத் திரும்பும் வழி பிறந்தது. 2008 இல் மேற்குக் கரையிலிருந்து தொடங்கிய இடப்பெயர்வில் பூநகரி, ஜெயபுரம், அக்கராயன் மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்து, தருமபுரம், விசுவமடு, புதுக்குடியிருப்பு என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் சிலவற்றை விட்டுச்சென்று, ஈற்றில் 2009 மே மாதத்துக்குள் வெறுங்கையோடு செட்டிகுளத்து முகாம்களை அடைந்தனர். பெட்டிகளிலிருந்த தாள்கள் அந்த வழியில் எங்கெங்கு நின்றுவிட்டன என்று எவரும் கணக்கெடுக்கவில்லை.

இதைவிடச் சத்தமின்றி நடந்த இன்னோர் இழப்பும் உண்டு. அது நிர்வாக எல்லைகள் மாறியதால் வந்தது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தின் பகுதியாக இருந்தமையால், அதற்கு முந்திய நியமனங்களின் மூலத்தாள்கள் யாழ்ப்பாணத்திலேயே தேடப்பட வேண்டியவை. 1987 ஆம் ஆண்டின் 13 ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தையும் அதே ஆண்டின் 42 ஆம் இலக்க மாகாண சபைகள் சட்டத்தையும் தொடர்ந்து இணைந்த வடக்கு கிழக்கு மாகாண நிர்வாகம் திருகோணமலையில் இயங்கியது. அந்த இணைப்பு செல்லாது என்று 2006 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தபின், 2007 ஜனவரி 1 முதல் வட மாகாண நிர்வாகம் தனியாகியது. எனவே 1990களில் நியமனம் பெற்ற ஓர் ஆசிரியையின் நியமனக் கடிதத்துடைய அலுவலகப் பிரதி திருகோணமலையில் உண்டாகி, பின்னர் வட மாகாணத்துக்கு மாற்றப்பட்ட கட்டுகளில் இருக்கலாம், அல்லது மாற்றப்படாமல் நின்றுபோயிருக்கலாம். கிளிநொச்சியில் கேட்டு இல்லையென்ற பதில் கிடைத்தவுடன் தேடலைக் கைவிடுவது பலர் விடும் தவறு. "எங்களிடம் இல்லை" என்ற பதிலுக்கு "எவ்விடத்திலும் இல்லை" என்று பொருளில்லை.

இச்சிக்கல் வன்னிக்கு மட்டும் உரியதன்று. இதற்கான தீர்வை முறைப்படுத்தியவர்கள் வேறிடத்தில் இருக்கிறார்கள். 1973 ஜூலை 12 அன்று அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் சென் லூயிஸ் நகரருகே படைவீரர் ஆவணக் காப்பகத்தில் மூண்ட தீயில் ஏறத்தாழ 160 முதல் 180 இலட்சம் சேவைக் கோவைகள் அழிந்தன. 1912 க்கும் 1960 க்கும் இடையில் தரைப்படையிலிருந்து விலகியோரின் கோவைகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அதில் அடக்கம். அதன்பின் தமக்குரிய சேவைப் பதக்கம் விலகற் சான்றிதழில் இல்லையென்று முறையிட்ட முதியவர்களுக்கு, அவர்களுடைய நினைவை வைத்து எவரும் பதக்கம் சேர்க்கவில்லை. இறுதிச் சம்பளச் சிட்டை, படைப்பிரிவின் அன்றாடக் குறிப்பு, மருத்துவமனைப் பதிவு முதலிய பிற இடத்துத் தாள்களிலிருந்து கோவையை மீளக் கட்டும் முறை வகுக்கப்பட்டது. இந்தியத் தரைப்படையிலும் நிலைமை ஏறக்குறைய இதுவே: சிப்பாய்க்குக் கிடைத்த பதக்கம் 'பார்ட் டூ ஆர்டர்' என்னும் உட்கட்டளையில் அறிவிக்கப்பட்டாலன்றி அது அவருடைய விலகற் புத்தகத்தில் ஏறாது, ஏறாமற்போனால், வெலிங்டனிலுள்ள மதராஸ் படைப்பிரிவின் ஆவண அலுவலகம் போன்று அவரவர் பிரிவுக்குரிய ஆவண அலுவலகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். களத்தில் நின்றது வேறு, நின்றதாகத் தாளில் ஏறியது வேறு என்ற இந்த வேறுபாடு சீருடை அணியாத உத்தியோகத்தருக்கும் அப்படியே பொருந்தும்.

சம்பளம் சென்ற வழி

சென் லூயிஸ் அனுபவம் உணர்த்தும் விதி ஒன்று: ஆளைப் பற்றிய தாள் தொலைந்தாலும் பணத்தைப் பற்றிய தாள் இலகுவில் தொலையாது. சுயவிபரக் கோவைக்குப் பெரும்பாலும் ஒரே பிரதி. சம்பளத்துக்கோ கணக்குக் கிளையிலும் வங்கியிலும் கணக்காய்வு நடந்த இடத்திலும் தனித்தனிச் சுவடுகள் உண்டு. யுத்தக் காலம் முழுவதும், அரசாங்கத்தின் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்த வன்னிப் பகுதிகளிலும் கச்சேரி எனப்படும் மாவட்டச் செயலகமும் பாடசாலைகளும் அரசாங்கச் சம்பளத்திலேயே இயங்கின என்பதை இங்கு நினைவிற்கொள்ள வேண்டும். அச்சம்பளத்துக்கான கணக்கு வன்னிக்கு வெளியேயுள்ள அலுவலகங்களுக்கும் போயிருக்கும். ஆகவே விடுபட்ட காலத்தை நிறுவ முனைபவர் முதலில் தேட வேண்டியது நியமனக் கடிதத்தையன்று, அக்காலத்துச் சம்பளப் பட்டியலை.

ஒரு சம்பளப் பட்டியலின் ஒற்றை வரியை உற்றுநோக்கினால் அதன் பெறுமதி புலப்படும். இடப்புறத்தில் தொடரிலக்கமும் பெயரும் பதவியும், நடுவில் சம்பளத் திட்டத்தின்படியான அடிப்படைச் சம்பளமும் படிகளும், அடுத்துக் கழிவுகள், வலப்புறத்தில் தேறிய தொகை, அதற்கப்பால் முத்திரையின்மீது இட்ட கையொப்பம். பெரும்பாலானோர் பெயரையும் திகதியையும் கண்டவுடன் திருப்தியடைந்துவிடுவர். ஓய்வூதியம் கணிப்பவருடைய கண் முதலில் செல்லும் இடம் கழிவுகளின் பத்தி. அங்கே விதவைகள் அநாதைகள் ஓய்வூதியப் பங்களிப்பு, அதாவது உத்தியோகத்தர் இறந்தபின் அவருடைய குடும்பத்துக்கு உதவும் ஓய்வூதியத்துக்கென மாதந்தோறும் கழிக்கப்படும் தொகை, எழுதப்பட்டிருந்தால் அவர் அம்மாதத்தில் ஓய்வூதியத்துக்குரிய நிரந்தரப் பதவியில் இருந்தார் என்பதற்கு அது வலுவான சான்று. அதற்குப் பதிலாக ஊழியர் சேமலாப நிதிக் கழிவு காணப்பட்டால் அம்மாதம் தற்காலிக அல்லது அமைய அடிப்படையில் கழிந்திருக்கக்கூடும். அடிப்படைச் சம்பளமும் பேசும்: ஒரு வருடத்துப் பட்டியலிலிருந்து அடுத்த வருடத்துப் பட்டியலுக்குச் செல்லும்போது சம்பள ஏற்றத்துக்குரிய திகதியில் தொகை உயர்ந்திருந்தால், அவ்வருடம் சம்பள ஏற்றம் அங்கீகரிக்கப்பட்டது என்பதும், இடையில் நீண்ட சம்பளமற்ற லீவு இருந்திருக்க வாய்ப்பில்லை என்பதும் தெரியவரும்.

எல்லா மாதங்களின் பட்டியலும் கிடைக்க வேண்டுமென்பதில்லை. விடுபட்ட காலத்தின் தொடக்கத்தில் ஒன்று, முடிவில் ஒன்று, இடையில் வருடத்துக்கு ஒன்றிரண்டு என்று கிடைத்தால், அவற்றை ஏனைய சான்றுகளோடு சேர்த்துத் தொடர்ச்சியைக் காட்டலாம். வங்கிப் புத்தகத்தில் மாத முடிவில் வரவு வைக்கப்பட்ட தொகையும் துணையாகும். ஆயினும் வங்கிகள் பழைய கணக்குத் தாள்களைக் காலவரையின்றி வைத்திருப்பதில்லை, ஆதலால் வீட்டிலுள்ள பழைய புத்தகத்தை எறியாதிருப்பதே நலம். சம்பளச் சிட்டை, இடர்கடன் கிடைத்த கடிதம், புகையிரத ஆணைச்சீட்டின் அடிக்கட்டை முதலிய சில்லறைத் தாள்களையும் அற்பமென்று ஒதுக்கலாகாது. இவை அனைத்தையும் அரசாங்கமே எழுதியது என்பதே இவற்றின் பலம்.

பாடசாலையில் இருப்பவை

பணத்தின் சுவடு ஒருவர் சேவையில் இருந்தார் என்பதைக் காட்டும். எங்கே இருந்தார் என்பதை எப்போதும் காட்டாது. 1995 ஒக்டோபர் இடப்பெயர்வின் பின்னர் யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு வந்த ஆசிரியர் ஒருவர் ஜெயபுரத்தை அண்டிய பாடசாலையொன்றில் தற்காலிகமாக இணைக்கப்பட்டுக் கற்பித்திருக்க, அவருடைய சம்பளம் பழைய கல்வி வலயத்தின் பட்டியலிலேயே தொடர்ந்திருக்கலாம். தற்காலிக இணைப்பு என்பது நிரந்தர இடமாற்றமின்றி வேறோரிடத்தில் கடமையாற்ற அனுமதிப்பது. இடம்பெயர்ந்த உத்தியோகத்தர் பலர் இவ்வாறே கடமையைத் தொடர்ந்தனர். இத்தகையோருக்கு இரண்டு சான்றுகள் வேண்டும்: ஒன்று சம்பளம் பெற்ற இடத்திலிருந்து, மற்றது கடமையாற்றிய இடத்திலிருந்து.

இரண்டாவது சான்று ஏன் முக்கியமென்றால், பாடசாலைகள் வசதியானவை முதல் கஷ்ட, அதிகஷ்டப் பிரதேசத்தவை வரை வகைப்படுத்தப்பட்டிருப்பதும், கஷ்டப் பிரதேசத்தில் ஆற்றிய சேவை இடமாற்றத்திலும் வேறு சில உரித்துகளிலும் கருத்திற்கொள்ளப்படுவதுமே காரணம். ஒப்புநோக்கினால் படைவீரரின் களப்பதக்கத்துக்கு மிக அணுகியது இதுதான். அவருக்கு மார்பில் நாடா, ஆசிரியருக்கு வரலாற்றுத் தாளில் ஒரு வரி. அந்த வரி விடுபட்டால், மின்சாரமும் பேருந்தும் இல்லாத ஊரில் ஐந்து வருடம் கற்பித்தவரும் நகரப் பாடசாலையில் ஐந்து வருடம் கற்பித்தவரும் தாளில் ஒன்றாகிவிடுவர். பாடசாலையின் வகை காலத்துக்குக் காலம் மாற்றப்படுவதால், கோர வேண்டியது அப்பாடசாலை இன்று எவ்வகையில் உள்ளது என்ற சான்றையன்று, கடமையாற்றிய வருடங்களில் எவ்வகையில் இருந்தது என்ற சான்றை. விண்ணப்பத்தில் இதை வெளிப்படையாகக் குறிப்பிடாவிட்டால் இன்றைய வகையையே எழுதித் தந்துவிடுவார்கள்.

கடமையாற்றிய இடத்தை நிறுவும் தாள்களில் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகம் முதலிடம் பெறும். அதிபர் தம் கையெழுத்தில், பாடசாலையில் நிகழ்ந்தவற்றை அன்றன்று பதியும் தடித்த புத்தகம் அது. புதிய ஆசிரியர் கடமையேற்றது, விடுவிக்கப்பட்டது, கல்விப் பணிப்பாளர் வந்து மேற்பார்வை செய்தது, ஷெல் வீழ்ந்ததால் பாடசாலை மரநிழலுக்கு மாறியது என எல்லாம் அதில் ஒரே மையில் அடுத்தடுத்து இருக்கும். பின்னாளில் ஒருவருடைய வசதிக்காக எழுதப்பட்டதல்ல என்பது பார்த்தவுடனே தெரிவதே அதன் மதிப்பு. அதற்கு அடுத்தது ஆசிரியர் வரவுப் பதிவேடு. அதுவும் இல்லையாயின், பரீட்சைக் கடமைக்கான நியமனக் கடிதம், பயிற்சிச் செயலமர்வுச் சான்றிதழ், மாணவர் தேர்ச்சி அறிக்கையில் வகுப்பாசிரியராக இட்ட கையொப்பம் முதலியன உதவும். ஒரு பழைய மாணவியின் வீட்டில் பத்திரமாக இருந்த தேர்ச்சி அறிக்கை, அலுவலகத்தில் இல்லாததை நிரூபிக்கக்கூடும். 2009 இல் செட்டிகுளத்து முகாம்களுக்குள் இயங்கிய பாடசாலைகளில் கற்பித்தவர்கள், அங்கு கையொப்பமிட்ட வரவுத் தாள்களைப் பற்றி வவுனியாவிலுள்ள கல்வி அலுவலகங்களில் விசாரிப்பது பொருத்தம். அம்முகாம்கள் முற்றாக மூடப்பட்டது 2012 செப்டெம்பரில், எனவே சில காலத் தாள்களேனும் அங்கு எஞ்சியிருக்க இடமுண்டு.

சத்தியக் கடதாசியைப் பற்றி ஒரு வார்த்தை. சமாதான நீதவான் முன்னிலையில் உறுதியுரைத்துக் கையொப்பமிடும் இக்கூற்றைப் பலர் முதற்சான்றாக முன்வைக்கின்றனர். அது தவறான வரிசை. சத்தியக் கடதாசி, தாள் ஏன் இல்லை என்பதை விளக்கப் பயன்பட வேண்டும். தாளின் இடத்தை அது பிடிக்க முயன்றால், உத்தியோகத்தர் மறுப்பதற்கு மிக எளிதான காரணமாகிவிடும். அக்காலத்து அதிபரோ உடன் கடமையாற்றிய ஆசிரியர்களோ தரும் கூற்றுகளும் அவ்வாறே. அவர்களுடைய சொந்தச் சேவை அதே காலத்தில் அதே இடத்தில் பதிவாகியிருப்பதைக் காட்டும் தாளோடு இணைக்கப்பட்டால் மட்டுமே அவற்றுக்குக் கனம் வரும்.

சேர்க்க இயலாதவையும் உண்டு. நிரந்தர நியமனத்துக்கு முன்னர் ஊதியமின்றித் தொண்டர் ஆசிரியராகக் கடமையாற்றிய காலமும், கிராம அமைப்புகள் வழங்கிய ஊக்குவிப்புப் பணத்துடன் கற்பித்த காலமும், எத்துணை அருமையானவையாயினும், ஓய்வூதியத்துக்குரிய சேவையாகத் தாமாகவே எண்ணப்படா. நிரந்தரமான, ஓய்வூதியத்துக்குரிய பதவியில் இருந்த காலமே அதற்கு அடிப்படை. இதை முன்கூட்டியே ஏற்றுக்கொண்டு, கோரிக்கையை உண்மையான நியமனத் திகதியிலிருந்து தொடங்குவது நல்லது. தொண்டர் காலத்தையும் கலந்து எழுதிய விண்ணப்பம், உரித்தான காலத்தின்மீதும் ஐயத்தை உண்டாக்கும்.

விண்ணப்பம்

கோவையைத் திருத்தும் அதிகாரம் கோவையை வைத்திருக்கும் நிறுவனத் தலைவரிடமே உண்டு. ஆசிரியருடைய விண்ணப்பம் பொதுவாக வலயக் கல்விப் பணிப்பாளர் ஊடாகவும், பிரதேச செயலகத்து உத்தியோகத்தருடையது பிரதேச செயலாளர் ஊடாகவும் செல்லும். ஓய்வூதியத் திணைக்களத்துக்கு நேரடியாக எழுதுவதால் காலமே விரயமாகும். அத்திணைக்களம் நிறுவனம் அனுப்பும் கோவையை வைத்துக் கணிக்குமேயன்றி, கோவையைத் தானே எழுதாது. தற்போதைய நிறுவனத்தின் ஊடாக, அதிபரின் சிபாரிசோடு, பதிவுத் தபாலிலோ நேரில் கையளித்துத் திகதி முத்திரை பெற்றோ அனுப்ப வேண்டும். கையளித்த கடிதத்தின் பிரதியில் முத்திரை இல்லையெனில் அக்கடிதம் எழுதப்படவேயில்லை என்று கொள்வது, சற்றுக் கடுமையாகத் தோன்றினும், பழகிக்கொள்ள வேண்டிய விதி.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும். இடம்பெயர்ந்த துயரத்தை விரித்துரைக்கும் மூன்று பக்கக் கடிதத்தில், கோரிக்கை எதுவென்று விடய எழுதுநர் தேட வேண்டியிருக்கும், அவர் தேடமாட்டார். முழுப் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கம், முதல் நியமனத் திகதி ஆகியவற்றை மேலே எழுதி, மையமான வாக்கியத்தை இவ்வாறு அமைக்கலாம்: "மேற்படி கோவையின் வரலாற்றுத் தாளில் குறித்த திகதி முதல் குறித்த திகதி வரையான சேவைக் காலம் பதியப்படாதிருப்பதால், இணைக்கப்பட்டுள்ள உறுதிப்படுத்திய பிரதிகளின் அடிப்படையில் அக்காலத்தைப் பதிந்து, பதிந்தமையை எழுத்துமூலம் அறியத்தருமாறு கேட்டுக்கொள்ளப்படுகின்றது." இணைப்புகளுக்கு இலக்கமிட்டு, ஒவ்வொன்றும் எந்த மாதத்தை நிறுவுகிறது என்பதை ஒரு சிறு அட்டவணையில் காட்டிவிட்டால், முடிவெடுப்பவரின் வேலை பாதியாகும்.

பெயர் வேறுபாடு பெருந்தொல்லை தரும். பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் தந்தை பெயர் முன்னால் வந்து வேறு விதமாகவும், திருமணத்தின் பின்னர் கணவர் பெயரின் முதலெழுத்தோடு மூன்றாம் விதமாகவும் ஒரே ஆசிரியை தோன்றுவார். பழைய சம்பளப் பட்டியல்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலோ எழுதுநருக்கு எழுதுநர் மாறும். இவை யாவும் ஒருவரையே குறிக்கின்றன என்று கூறும் சத்தியக் கடதாசி ஒன்றை விவாகச் சான்றிதழோடு தொடக்கத்திலேயே இணைப்பது, ஆறு மாதம் கழித்து இதே கேள்வியுடன் கடிதம் திரும்பி வருவதைத் தடுக்கும். கடிதத்தைத் தமிழில் எழுதவும் தமிழில் பதில் பெறவும் உரித்து உண்டு என்பதையும் மறக்க வேண்டியதில்லை.

தாள் வேறோர் அலுவலகத்தில் இருக்கிறது, ஆனால் தர மறுக்கிறார்கள் அல்லது பதிலே இல்லை என்ற நிலையில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும். ஒவ்வோர் அரச நிறுவனத்திலும் உள்ள தகவல் அலுவலர், இயன்றவரை விரைவாகவும் எப்படியும் 14 வேலை நாட்களுக்குள்ளும் கோரிக்கை குறித்த தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தாலோ மௌனம் சாதித்தாலோ 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் தீராவிடின் இரண்டு மாதத்துக்குள் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். "எனது சேவை விபரம் தருக" என்று பொதுவாகக் கேட்பதிலும், இன்ன பாடசாலையின் இன்ன வருடத்து இன்ன மாதச் சம்பளப் பட்டியலின் பிரதி என்று கேட்பதே பயன் தரும். முன்னதற்கு இல்லையென்று சொல்வது எளிது, பின்னதற்கு இல்லையென்றால் எப்போது, எந்த அனுமதியுடன் அழிக்கப்பட்டது என்று அடுத்துக் கேட்கலாம். இச்சட்டம் நடைமுறைக்கு வந்தபோது இருந்த பதிவேடுகளைக் குறைந்தது 10 வருடங்களுக்குப் பேண வேண்டும் என்கிறது. நடைமுறைக்கு வந்த 2017 பெப்ரவரி 3 இலிருந்து எண்ணினால் அக்காலம் 2027 தொடக்கத்தில் முடிகிறது; ஆகவே பழைய பட்டியல்களைக் கோர எண்ணுபவர் ஓய்வுபெறும் வருடம்வரை காத்திருத்தல் ஆகாது.

வெற்றிடத்தைப் 'பதவி வறிதாக்கல்', அதாவது அனுமதியின்றிக் கடமைக்கு வராமையால் பதவியை விட்டு நீங்கியதாகக் கருதுதல், என்று அலுவலகம் கொண்டிருந்தால் நிலைமை வேறு. அப்போது விடுபட்ட பதிவைச் சேர்க்குமாறு கேட்பது போதாது. அக்கட்டளையையே நீக்குமாறு நியமன அதிகாரியிடம் மேன்முறையிட வேண்டும், வீதி மூடப்பட்டிருந்தது, அருகிலுள்ள அலுவலகத்தில் கையொப்பமிடப்பட்டது போன்ற நியாயங்களை அங்கே முன்வைக்க வேண்டும். நிர்வாக அநீதி தொடர்பாக 1981 ஆம் ஆண்டின் 17 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நியமிக்கப்படும் நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளரிடமும், சமத்துவ உரிமை மீறப்பட்டிருப்பின் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடமும் முறையிடலாம். அடிப்படை உரிமை வழக்குக்கு ஒரு மாதமே கால எல்லை என்பதால், இறுதி மறுப்புக் கடிதத்தின் உறையையும் தபால் முத்திரையோடு வைத்திருக்க வேண்டும்.

பதிந்தாயிற்று என்ற கடிதம் கிடைத்த பின்னரும் ஒரு வேலை எஞ்சியிருக்கும். வலயப் பணிமனைக்கு நேரில் சென்று வரலாற்றுத் தாளைப் பார்வையிட்டு, புதிய பதிவின் தொடக்கத் திகதி முந்திய பதிவின் முடிவுத் திகதிக்கு அடுத்த நாளாக இருக்கிறதா, எதிரே பொறுப்பான உத்தியோகத்தரின் சுருக்கொப்பமும் பதவி முத்திரையும் உண்டா, ஆதாரத் தாள்களின் பிரதிகள் பக்க இலக்கத்தோடு கோவைக்குள் கோக்கப்பட்டுள்ளனவா என்று சரிபார்த்து, அத்தாளின் உறுதிப்படுத்திய பிரதி ஒன்றைப் பெற்று, வீட்டில் ஒன்றும் வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒன்றுமாக வைத்துக்கொள்ள வேண்டும்.